பிள்ளையைத் தத்துக் கொடுத்த அம்மாவைப் படத்திலோ சீரியலிலோ எங்கேயாவது சரியாகக் காட்டியிருக்கிறார்களா? அப்புறம் ஒரு சந்தேகம்

மல்லித்தோட்டம் எழுதியது:

வணக்கம். இங்கே இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தங்கச்சிமடம் பக்கம் ஒரு ஊர், அதற்கு மேல் வேண்டாம். மல்லிகை நாற்றுப் போடுகிற தோட்டத்தில் வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் கன்னத்தில் முத்தமிட்டால் போட்டார்கள். நம்ம பக்கத்துக் கதை என்பதால் அந்தப் படம் வந்தால் வீட்டில் எல்லாரும் உட்காருவார்கள். இலங்கையிலிருந்து படகில் வந்த பெண் ராமேஸ்வரத்தில் அகதி முகாமில் பிள்ளை பெற்று, அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறாள். ஒன்பது வயதில் அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரிந்து அம்மாவைத் தேடிப் போகிறது. கடைசியில் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளும் இடம் வந்தபோது என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என்ன இருந்தாலும் பச்சப் பிள்ளைய விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குத் தெரியும். மாமியாருக்குத் தெரியாது.

2017 ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எனக்கு அப்போது 20 வயது, கல்யாணம் ஆகவில்லை. பிள்ளையின் அப்பா விசைப்படகில் வேலை பார்த்தவர், எங்கள் வீட்டில் தெரிந்ததும் கேரளா பக்கம் தொழிலுக்குப் போனார், அதோடு சரி. வயிறு தெரிய ஆரம்பித்ததும் என்னை மதுரைப் பக்கம் அத்தை வீட்டில் கொண்டு விட்டார்கள். ஊரில் நான் தையல் படிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் குழந்தைகள் நலக் குழு முன்னால் உட்கார்ந்து, பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையை என் கையால்தான் கொடுத்தேன். துணியில் சுற்றி, தலையைத் தாங்கி, அங்கே இருந்த ஒரு அம்மாவின் கையில் வைத்தேன். குப்பைத்தொட்டியிலோ பஸ் ஸ்டாண்டிலோ வைக்கவில்லை.

மனசு மாறினால் இரண்டு மாசத்துக்குள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வருஷம்தான் 45 நாளாக இருந்த மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளாக ஆக்கினார்கள். அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார், வருமானம் கிடையாது, என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். தடை முடிகிற ஜூன் 14 எப்போது வரும் என்று அவர் எண்ணினார், நான் ஜூன் முடிய வேண்டாமே என்று எண்ணினேன். யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை. படகெல்லாம் கடலுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து என்னுடைய இரண்டு மாசமும் முடிந்துபோனது.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தபோது அத்தை மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டார், பால் வற்றுவதற்கு. இன்றைக்கு நான் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மல்லிகைக் குச்சியை நட்டு நாற்று ஆக்குகிறேன். இங்கேயிருந்து தமிழ்நாடு பூராவும் போகிறது. அத்தை கட்டிய பூவும் எங்கள் மண்ணிலிருந்து போன செடியில் பூத்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

2022இல் பையன் வயிற்றில் இருந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டார், முதல் பிரசவமா என்று. மாமியார் பக்கத்தில் நிற்கிறார். ஆமாம் என்றேன். அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அந்த ஒரு சொல் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

படத்துக்கு வருகிறேன். அந்தப் படம் எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவை மன்னிக்க ஒரு போர் தேவைப்பட்டது. தளபதியில் பிள்ளையைக் கூட்ஸ் ரயிலில் விட்ட அம்மாவுக்கு அவள் சின்னப் பெண் என்பது காரணம். குந்திக்கு வரம். எனக்கு இதெல்லாம் இல்லை. பயமும் வறுமையும் இருந்தது, அவ்வளவுதான். அதைப் படம் எடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது. சீரியலில் என்றால் பெற்றவள் பத்து வருஷம் கழித்து லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வந்து பிள்ளையைப் பறிப்பாள். பேப்பரில் என்றால் கல்நெஞ்சத் தாய். கொடுத்த நாளைக் காட்டுகிறார்கள், திரும்பப் பார்க்கிற நாளைக் காட்டுகிறார்கள், நடுவில் அவள் எப்படிச் சோறு தின்றாள், எப்படித் தூங்கினாள் என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? தெரிந்தால் சொல்லுங்கள்.

என் சந்தேகம் இது. நான் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு இடம் வரும். பிள்ளை பெரிதாகித் தேடி வந்தால் உங்கள் பெயரையும் முகவரியையும் சொல்லலாமா வேண்டாமா என்று, ஒன்றில் டிக் போட வேண்டும். அத்தை தோளுக்குப் பின்னால் நின்றார். வேண்டாம் என்பதில் போட்டேன். அதை இப்போது மாற்ற முடியுமா? அவளைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் வந்தால் கதவு சாத்தியிருக்கக் கூடாது, அதுதான்.


கரைவலை எழுதியது:

தங்கச்சி, மனசு நோகும்படி சொல்ல வரவில்லை, ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு ஒரு அப்பா அம்மா இருக்கிறார்கள். எட்டு வயசு ஆகிறது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். நீங்கள் டிக்கை மாற்றி, நாளைக்கு அது வந்து நின்றால், உங்கள் மாமியாருக்கு என்ன சொல்வீர்கள், உங்கள் பையனுக்கு என்ன சொல்வீர்கள்? வளர்த்தவர்கள் மனசு என்ன பாடுபடும்? கொடுத்ததை மனசாரக் கொடுத்துவிட வேண்டும். இருக்கிற பிள்ளையைப் பாருங்கள். கடலில் விட்ட வலையை நினைத்துக்கொண்டே இருந்தால் அடுத்த பாடு போட முடியாது.


பரமக்குடி அம்மா எழுதியது:

கரைவலை அண்ணன், வளர்த்தவர்கள் மனசு என்று சொன்னீர்கள், வளர்த்தவள் நான் இங்கே இருக்கிறேன், நானே சொல்கிறேன்.

எங்களுக்கு 2018இல் பையன் வந்தான். தத்துக்குப் பதிவு செய்து மூன்று வருஷம் காத்திருந்தோம். திடீரென்று ஒரு நாள் போட்டோவும், குழந்தையைப் பற்றிய அறிக்கையும், மருத்துவ அறிக்கையும் கணினியில் வந்தது, 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் 48 நிமிஷம்கூட எடுக்கவில்லை. அந்த அறிக்கையில் எடை, உயரம், தடுப்பூசி, எப்போது சிரித்தான், எல்லாம் இருந்தது. பெற்ற அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி. வயது இவ்வளவு, திருமணமாகாதவர். முடிந்தது. அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

அவனிடம் மூன்று வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறோம், கதை மாதிரி. ஒன்றும் பிரச்சினை இல்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சீரியல் ஓடியது, பெற்றவள் திரும்பி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. அன்றைக்கு ராத்திரி என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டான், "அந்த அம்மா வந்து என்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்களா?" என்று. அதுவரை அந்த அம்மா அவனுக்கு ஒரு நல்ல அம்மா. ஒரு அரை மணி நேர நாடகம் அவளைப் பிள்ளை பிடிக்கிறவளாக ஆக்கிவிட்டது. தத்து உத்தரவு வந்த பிறகு அப்படி யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்று சட்டமே சொல்கிறது, எழுதுகிறவர்களுக்கு அது தெரியாதா? தெரிந்தாலும் கதைக்கு ஆகாது.

ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேக் வெட்டி முடித்து ராத்திரி எல்லாரும் போன பிறகு நான் ஒரு பத்து நிமிஷம் மொட்டை மாடியில் உட்காருவேன். அந்தப் பெண் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருப்பாள் என்று. நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது, நீங்கள் அவள் இல்லை என்று தெரிந்தும்.

டிக்கை மாற்றுவதோ என்னவோ, அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் ஒரு கடிதம் எழுதி அந்தப் பைலில் வைக்க முடிந்தால் வையுங்கள் தங்கச்சி. எனக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் தங்கமாக வைத்திருப்பேன். சர்க்கரை, ஆஸ்துமா மாதிரி உங்கள் குடும்பத்தில் என்னென்ன நோய் உண்டு என்பதையும் எழுதுங்கள். போன வருஷம் பையனுக்கு இளைப்பு வந்தபோது டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார், நான் வாயடைத்து நின்றேன்.


ஓய்வுபெற்ற ஆற்றுப்படுத்துநர் எழுதியது:

நான் பல வருஷம் குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருந்தவள். மல்லித்தோட்டம், உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் செய்ததற்குச் சட்டத்தில் பெயர் ஒப்படைப்பு. கைவிடுதல் வேறு. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் 35ஆம் பிரிவில், உடல், மனம், சமூகம் சார்ந்த, தங்கள் கையை மீறிய காரணங்களால் பெற்றவர் குழந்தையை ஒப்படைக்கலாம் என்று இருக்கிறது. பயமும் வறுமையும் அதற்குள் வரும். காரணம் இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், சட்டம் எழுதியவர்களுக்கே அது காரணமாகத்தான் பட்டிருக்கிறது. கைவிட்டுப் போனவர்களைக்கூட, சூழ்நிலை காரணமாக விட்டிருந்தால் வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளக் கூடாது, தண்டிக்கக் கூடாது என்று 75ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. பேப்பரில் கல்நெஞ்சத் தாய் என்று போடுகிறவர்கள் இதைப் படிப்பதில்லை. குழந்தையின் அடையாளம் தெரிகிற மாதிரி செய்தி போட்டால் அதுவே குற்றம், 74ஆம் பிரிவு, ஆறு மாசம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதையும் படிப்பதில்லை.

இந்த வித்தியாசம் உங்கள் மகளுக்கு ரொம்ப முக்கியம். எங்கேயோ கிடந்து எடுத்த குழந்தை என்றால் போலீஸ் அறிக்கை, பத்திரிகையில் விளம்பரம், யாரும் வரவில்லை, அதோடு கதை நின்றுவிடும். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் தொட்டிலில் வைத்துவிட்டுப் போன எத்தனையோ பிள்ளைகளுக்கு அம்மா யார் என்று ஒரு தாள்கூட கிடையாது. அந்தத் திட்டம் உயிரைக் காப்பாற்றியது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளர்ந்து வந்து என் எதிரில் உட்கார்ந்து "என்னைப் பற்றி என்ன இருக்கிறது" என்று கேட்ட பிள்ளைகளிடம் வெறும் தேதியைக் காட்டியிருக்கிறேன். உங்கள் மகளுக்குப் பைல் இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதால் இருக்கிறது.

இப்போது டிக். நீங்கள் நினைக்கிற மாதிரி அது பூட்டு இல்லை. உங்கள் மகள் 18 வயது ஆன பிறகு தானாகவோ, அதற்கு முன்னால் வளர்த்த பெற்றோரோடு சேர்ந்தோ, வேர் தேடி, அதாவது பெற்றவர் யார் என்று கேட்டு, விண்ணப்பம் போடலாம். வேறு யாரும் அவளுக்காகப் போட முடியாது. நீங்களும் அவளைத் தேடி விண்ணப்பம் போட முடியாது, அது வலிக்கும், தெரியும், ஆனால் விதி அப்படி. அவள் வரும்போது, பெற்றவர் ஒப்படைக்கும் நேரத்தில் பெயர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால், உடனே கதவைச் சாத்த மாட்டார்கள். உங்களைத் தேடி வந்து, இப்போது சம்மதமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். நீங்கள் மறுத்தால், அல்லது நீங்கள் கிடைக்காவிட்டால், ஏன் எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தீர்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்வார்கள்.

கவனித்தீர்களா, "கிடைக்காவிட்டால்" என்பதை. உங்கள் பைலில் எந்த முகவரி இருக்கிறது? அத்தை வீட்டு முகவரி. இன்னும் பத்து வருஷம் கழித்து அத்தை இருப்பாரா, அந்த வீடு இருக்குமா, வந்து கேட்கிற ஆளிடம் அத்தை என்ன சொல்வார்? நான் பார்த்த வரையில் நிறைய அம்மாக்கள் தொலைந்துபோவது இந்த இடத்தில்தான். கல்யாணம் ஆகி ஊர் மாறி, போன் நம்பர் மாறி, கண்டுபிடிக்க ஆள் இல்லாமல்.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். எந்த மாவட்டக் குழுவின் முன்னால் கையெழுத்துப் போட்டீர்களோ அந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவுக்கும், அங்கே உள்ள குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், குழந்தையை வைத்திருந்த தத்துவள மையத்துக்கும் ஒரே மாதிரி மனு எழுதுங்கள். ஒப்படைத்த தேதி, அன்றைய பெயர், இன்றைய பெயர், இன்றைய முகவரி, நம்பிக்கையான ஒரு ஆளுடைய போன் நம்பர். பெயரைச் சொல்ல இப்போது சம்மதம் என்று ஒரு வரி. மூடிய உறையில் மகளுக்குக் கடிதம், அதைப் பைலில் சேர்க்கக் கேட்டு ஒரு வரி. நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள், தபாலில் என்றால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். உறையைச் சேர்ப்பது அவர்கள் கையில் இருக்கிறது, ஆனால் முகவரி மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் அதை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குக் கடிதம் வந்தால் பிரச்சினை என்றால் தோட்டத்து முகவரி கொடுங்கள்.

உங்களிடம் இருக்கும் ஒப்படைப்புப் பத்திரத்தின் நகலைத் தேடி எடுங்கள். உங்களுக்கு ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அடுத்த பிள்ளை உண்டாகி ஆஸ்பத்திரி போனால், டாக்டரிடம் மட்டுமாவது தனியாக எத்தனையாவது பிரசவம் என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். மருத்துவத்துக்கு அது தேவை.


கீழக்கரை வாசகன் எழுதியது:

துபாயிலிருந்து எழுதுகிறேன், ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன், தூங்க முடியவில்லை.

என் உம்மா தன் மூன்றாவது பிள்ளையை, எனக்கு நேர் இளையவனை, பிள்ளை இல்லாத தன் அக்காவுக்குக் கொடுத்தார். கீழக்கரையில் இது புதுசு இல்லை. எங்கள் மார்க்கத்தில் வளர்க்கலாம், ஆனால் வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று குர்ஆனில் இருக்கிறது. அதனால் அவன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டிலும் எங்கள் வாப்பா பெயர்தான். (முறையாகத் தத்து எடுக்க வேண்டுமென்றால் எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டப்படி எடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அது வேறு விஷயம்.) அவனுக்கு யார் பெற்றது யார் வளர்த்தது எல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

இதில் ரகசியமே இல்லை, அவமானமும் இல்லை. அப்படியும் உம்மா பெருநாளுக்குத் துணி எடுக்கும்போது கை தானாக ஒரு சட்டை கூட எடுக்கும். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார், அக்கா மனசு நோகுமாம். பீரோவில் கிடக்கும். மல்லித்தோட்டம் எழுதிய நர்ஸ் கேள்வி இருக்கிறதே, அதேதான். யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால் உம்மா ஒரு நொடி நிற்பார். மூன்று என்று சொன்னால் அவனுக்குத் துரோகம், நான்கு என்று சொன்னால் அக்காவுக்குத் துரோகம். போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போனபோது கேட்டார்கள். நான்கு என்றார். பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தார், ஒன்றும் சொல்லாமல் உம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

கரைவலை காக்கா, தினமும் கண்ணால் பார்த்த என் உம்மாவுக்கே இப்படி. கொடுத்ததை மனசாரக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்வது சுலபம். உம்மா மனசாரத்தான் கொடுத்தார். கொடுத்த பிறகும் அவர் அவனைப் பெற்றவர்தானே.


கரைவலை எழுதியது:

சரி. அந்த முகவரி விஷயம் எனக்குத் தெரியாது. எழுதிக் கொடுங்கள் தங்கச்சி, அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. மாமியாரிடம் சொல்வதைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான், அவசரப்பட வேண்டாம். பையன் சின்னவன்.


மல்லித்தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

கரைவலை அண்ணன், நீங்கள் சொன்னதற்குக் கோபம் வரவில்லை. மாமியாரிடம் இப்போது சொல்லப் போவதில்லை. ஆனால் வீட்டுக்காரரிடம் நேற்று பேசினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை சொன்னேன், அவர் சரி என்றார், அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நேற்று ஆற்றுப்படுத்துநர் அம்மா எழுதியதை அவரிடம் போனில் காட்டினேன். முழுசாகப் படித்தார். "போன் நம்பர் என்னோடதைக் குடு, நம்பர் மாத்த மாட்டேன்" என்றார். வியாழக்கிழமை படகு இல்லை, கூட வருகிறார்.

பத்திரத்தின் நகல் அம்மாவிடம் இருந்தது. எரித்திருப்பார் என்று நினைத்தேன். ரேஷன் கார்டும் நிலத்துப் பட்டாவும் வைத்திருக்கிற தகரப் பெட்டியில், பிளாஸ்டிக் கவரில் போட்டு, அடியில் வைத்திருக்கிறார். நான் கேட்டதும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

கடிதம் நாலு வரிக்கு மேல் போகவில்லை. விடியற்காலை நாலே காலுக்குப் பிறந்தாய் என்று எழுதியிருக்கிறேன். இரண்டே முக்கால் கிலோ இருந்தாய் என்று எழுதியிருக்கிறேன். அம்மாச்சிக்குச் சர்க்கரை உண்டு, எங்கள் வீட்டில் யாருக்கும் இளைப்பு இல்லை, அதையும் எழுதிவிட்டேன். ஒன்பது நாள் பால் குடித்தாய் என்று எழுதிவிட்டு அதற்கு மேல் பேனா ஓடவில்லை.

பரமக்குடி அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஒன்பது நாளும் நான் அவளை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். யாருக்கும் தெரியாது, அத்தைக்குக்கூட. இப்போது அவளுக்கு வேறு பெயர் இருக்கும். உங்கள் பையனுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்றால், அதை நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா? எழுதலாமா, விட்டுவிடலாமா?


பரமக்குடி அம்மா எழுதியது:

எழுதுங்கள்.